திரைக்கு அந்தப் பக்கம்

ஆலோர் பாசிர், கிளந்தான்
12 பிப்ரவரி 1998

தம்பி அஸ்மானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

"அக்கா, ஆபீஸ்ல ஆள் இருக்காங்க" என்று சொல்லி நீ நேற்று டொக்கென்று போனை வைத்தாயே, அந்தச் சத்தம் இன்னும் காதில் கேட்கிறது. சந்தை முனையில் பொதுத் தொலைபேசி முன்னால் கை நிறையச் சில்லறையோடு நான் நின்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முறைத்தார்கள். வீட்டுப் போனை வெட்டிவிட்டார்கள், அதனால்தான் சந்தைக்கு வந்தேன். இனிமேல் கடிதம்தான். காகிதத்தை உன்னால் டொக்கென்று வைக்க முடியாது.

நேற்று பாதியில் நின்றதை முழுதாகச் சொல்கிறேன், கேள். நான் ஒப்பந்தம் எடுத்துக் கட்டிக்கொண்டிருந்த நம் ஊர் சுரா தொழுகைக்கூடத்தில் ஆற்றோரத்துச் சுவரும் அதன் மேல் கூரையும் போய்விட்டன. நோன்பின் கடைசிப் பத்தில், அசர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி. வெள்ளம் அடித்தளத்துக்குக் கீழே மண்ணை அரித்திருக்கிறது, வெளியே ஒன்றும் தெரியவில்லை. உள்ளே யாரும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். மீதிப் பாதி அப்படியே நிற்கிறது.

ஜூன் முடிவதற்குள் கட்டி ஒப்படைக்க வேண்டும் என்கிறது வேலை கொடுத்த இலாகா. இல்லாவிட்டால் வங்கி உத்தரவாதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வார்களாம். அந்த உத்தரவாதத்துக்கு நாம் அடமானம் வைத்தது என்ன என்று உனக்கு ஞாபகப்படுத்த வேண்டாம். அப்பாவின் வீடு. மூன்று பங்கில் உன் பங்கு இரண்டு, என் பங்கு ஒன்று. நீயும்தான் கையெழுத்துப் போட்டாய்.

மறுபடி கட்டக் காசில்லை. இந்தப் பணநெருக்கடிக் காலத்தில் கோத்தா பாருவில் எந்த வங்கி கடன் தருகிறது? சிமெண்டுக் கடைக்காரன்கூட என்னைக் கண்டால் உள்ளறைக்குப் போய்விடுகிறான். எனக்கிருப்பது உங்கள் தக்காஃபுல் காப்பீடு மட்டும்தான். வேலை எடுத்த அன்றே பிரீமியம் கட்டிவிட்டேன். இழப்பீடு கேட்டு எழுதிப் போட்டேன், பதிலே இல்லை. கூடப்பிறந்தவன் அதே கம்பெனியில் இழப்பீட்டுப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறான் என்று ஊரெல்லாம் பெருமையடித்தவள் நான். இப்போது எல்லாரும் கேட்கிறார்கள், என்ன சொல்ல?

அக்கா
நிக் ஸல்வானி

*

கோலாலம்பூர்
20 பிப்ரவரி 1998

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். போனை வைத்ததற்கு மன்னிக்கவும். மேலாளர் என் மேசையருகே நின்றுகொண்டிருந்தார்.

முதலில் ஒன்று. தயவுசெய்து பிரீமியம் என்று எழுதாதீர்கள். அது வணிகக் காப்பீட்டுக்காரர்களின் சொல். இங்கே அது பங்களிப்பு. உங்களைப் போன்ற ஒப்பந்தக்காரர்கள் எல்லாரும் தானமாகக் கொடுத்த பணம் ஒரே பானையில் இருக்கிறது. யாருக்கு ஆபத்து வருகிறதோ அவருக்கு அதிலிருந்து கொடுக்கிறோம். அது கம்பெனியின் பணமும் இல்லை, என் பணமும் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் துருவித் துருவிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் என் அக்கா என்பதை எழுதிக் கொடுத்துவிட்டேன். கோப்பு அடுத்த மேசை ஷாஹ்ரினிடம் போயிருக்கிறது. நல்ல மனிதர், சட்டத்தை விட்டு ஒரு நூல் நகரமாட்டார். அடுத்த மாதம் சர்வேயர் வருவார்.

அவர் கட்டாயம் ஒன்று கேட்பார். ஒப்படைக்கும் முன்பே கட்டடத்தின் ஏதாவது ஒரு பகுதியைப் பயன்படுத்தத் தொடங்கினீர்களா? பயன்படுத்தியிருந்தால் அந்தப் பகுதிக்கான பாதுகாப்பு அன்றோடு தீர்ந்தது. கட்டி முடிக்கும் வரைக்கும்தான் ஒப்பந்தக்காரரின் ஆபத்து, அப்புறம் அது உரியவரின் ஆபத்து. இதை முன்கூட்டியே உங்களிடம் சொல்வதுகூட முறையில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

சர்வேயரிடம் அதிகம் பேசாதீர்கள். உங்கள் வாய் எனக்குத் தெரியும்.

தம்பி
நிக் அஸ்மான்

*

ஆலோர் பாசிர்
9 மார்ச் 1998

தம்பிக்கு,

என் வாயா? என் வாயை நான் தைத்துத்தான் வைத்திருந்தேன். ஊர் வாயைத் தைக்க நூலுக்கு எங்கே போவேன்?

உங்கள் சர்வேயர் வந்தார். நல்ல பிள்ளைதான், கண்ணாடி போட்டிருந்தது, சேற்றில் நடக்கத் தெரியவில்லை. விழுந்த சுவரை அளந்தார், படம் எடுத்தார். அதோடு போயிருந்தால் என் பிழைப்பு பிழைத்திருக்கும். வெளியூர் விருந்தாளியைச் சாப்பிடாமல் அனுப்பினால் ஊருக்கு இழுக்கு என்று இமாம் ஹாஜி டெராமான் அவரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். நீலச் சோறு, பொரித்த மீன், பூடு மீன்சாறு எல்லாம் வந்தன. ஆண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். சாப்பாட்டுக்கு நடுவே அந்தப் பிள்ளை சாதாரணமாகக் கேட்டது.

"ஹாஜி, இங்க தொழுகை ஏதாச்சும் நடந்துச்சா?"

"நடந்துச்சாவா!" கிழவருக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. "ரமலான் முதல் ராத்திரியிலேர்ந்து தராவீஹ் தொழுகை நடந்துச்சுய்யா! சுவரு பூசலை, ஜன்னல் வைக்கலை, அதனால என்ன? இந்தப் பொண்ணுதான் திறந்துவிட்டா. அவளுக்கு அல்லா சொர்க்கத்துல ஒரு வீடு கட்டுவான்."

சொர்க்கத்து வீடு இருக்கட்டும், இங்கே இருக்கிற வீடு போகிறதே! நான் பின்னால் நின்று கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன். அவருக்குக் கண்புரை. அதற்குள் நான் முந்தி, நீ முந்தி என்று எல்லாரும் ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தர் விசிறி மாட்டிய கதையைச் சொன்னார். இன்னொருத்தர் தன் மகன் குர்ஆன் முழுவதையும் அங்கேதான் ஓதி முடித்தான் என்றார். ஒவ்வொருத்தர் சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளை எழுதிக்கொண்டே இருந்தது. அவர்களுக்கு ஒரே பெருமை, பேர் காகிதத்தில் ஏறுகிறதே என்று.

மறுநாள் ஹாஜியின் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முகம் செத்துவிட்டது.

"ஹாஜி, ஒரு நாள்தான், சும்மா துஆ ஓதினோம்னு சொல்லக் கூடாதா?"

அவர் மெல்லக் கேட்டார். "தொழுததைத் தொழலைன்னு சொன்னா, அந்தத் தொழுகையெல்லாம் எங்கேம்மா போகும்?"

எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் அவரையும் திட்டினேன், உன்னையும் திட்டினேன்.

அக்கா

*

கோலாலம்பூர்
21 மார்ச் 1998

அக்கா,

சர்வேயரின் அறிக்கையை ஷாஹ்ரின் என் கண்ணில் படும்படி மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். இரக்கத்தில் வைத்தாரா, மறதியில் வைத்தாரா, தெரியாது. படித்தேன். விசிறிகூட இருக்கிறது அதில்.

நிராகரிப்புக் கடிதம் தயாராகிறது.

ஏன் திறந்துவிட்டீர்கள்? எனக்குப் புரியவே இல்லை. எத்தனை கட்டடம் கட்டியவர் நீங்கள்! ஒப்படைக்காத கட்டடத்துக்குள் ஒரு பூனையைக்கூட விடக் கூடாது என்று உங்கள் தச்சர்களை நீங்களே விரட்டியதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் தக்காஃபுல் பத்திரத்தில் இருந்த ஒரு வரியைப் படிக்காமல் போனீர்களே.

வீட்டில் ரொஸீதாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "உங்க ரெண்டு பங்கையும் பொண்டாட்டியைக் கேக்காமலா அடமானம் வெச்சீங்க?" என்று கேட்டாள். இங்கேயும் ஆட்குறைப்பு என்று பேச்சு. ஊரில் ஒரு வீடு இருக்கிறது, எது வந்தாலும் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். இப்போது தூக்கமில்லை.

உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் படித்துப் பார்த்தால் முழுக்கக் குறையாகத்தான் இருக்கிறது. கிழித்துவிட்டு வேறு எழுத நேரமில்லை.

அஸ்மான்

*

ஆலோர் பாசிர்
30 மார்ச் 1998

அஸ்மான்,

ஏன் திறந்தேன் என்று கேட்கிறாய். ஊரைவிட்டுப் போய் எத்தனை காலமானாலும் இந்தக் கேள்வியை நீ கேட்கலாமா?

பழைய சுராவைக் கரையான் தின்றதால் அதை இடித்துவிட்டுத்தானே புதிதை ஆரம்பித்தோம். பெரிய பள்ளிவாசல் ஆற்றுக்கு அந்தக் கரையில். மழைக்காலத்தில் அந்த ஆறு எப்படி ஓடும் என்று உனக்குத் தெரியாதா? போன வருஷம் மெக் நாப்பின் படகு கவிழ்ந்து, மூங்கில் புதரைப் பிடித்துத் தொங்கித்தான் பிழைத்தாள். நோன்பின் முதல் நாள் எல்லாரும் என் வாசலில் வந்து நின்றார்கள். ஒருவரும் திற என்று கேட்கவில்லை. மழையில் நனைந்துகொண்டு சும்மா நின்றார்கள். என் இடுப்பில் சாவி இருக்கிறது, மேலே கூரை போட்டாகிவிட்டது. அப்போது போய்ப் பத்திரத்தை எடுத்து எத்தனையாவது பக்கம் என்று தேடச் சொல்கிறாயா?

நீ சொன்ன அந்தப் பானையைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தானமாம், ஒருவருக்கொருவர் கைகொடுப்பதாம். வாங்கும்போது சகோதரி, கேட்கும்போது திருடி. பிரீமியத்தைப் பங்களிப்பு என்று மாற்றினீர்களே, நிராகரிப்புக்கும் ஓர் அழகான பேர் வைத்துவிடுங்கள், வாங்கிக்கொள்கிறவர்களுக்காவது ஆறுதலாக இருக்கும்.

ரொஸீதாவிடம் சொல், என் ஒரு பங்கும்தான் போகிறது என்று. உனக்காவது சம்பளம் இருக்கிறது. நான் எங்கே போய்ப் படுப்பேன்? கலவை இயந்திரத்துக்குள்ளா?

ஸல்வானி

*

கோலாலம்பூர்
14 ஏப்ரல் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு இதை உட்கார்ந்து படியுங்கள். வழி இருக்கிறது!

உங்கள் கடிதத்துக்குப் பிறகு பத்திரத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கட்டடம் பயன்பாட்டுக்கு வந்தால் என்று அதில் இல்லை. கட்டடத்தின் எந்தப் பகுதி பயன்பாட்டுக்கு வந்ததோ, அந்தப் பகுதிக்கு மட்டும் என்று இருக்கிறது. ஆண்கள் தொழுத முன்கூடம் நிற்கிறது, ஒரு கீறலும் இல்லை. விழுந்தது எது? ஆற்றோரம். பெண்கள் பகுதி!

சர்வேயரின் அறிக்கையை வரி வரியாகப் பார்த்தேன். பெண்கள் பகுதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சாட்சி சொன்னவர்கள் எல்லாரும் ஆண்கள். ஷாஹ்ரினிடம் காட்டினேன். அவர் என் முன்னாலேயே ஹாஜி டெராமானின் மகன் கடைக்குப் போன் போட்டுக் கிழவரிடம் கேட்டார். "திரைக்கு அந்தப் பக்கம் நான் பாக்கறதில்லைங்க, பாக்கவும் கூடாது" என்றாராம். ஷாஹ்ரினுக்கும் சந்தோஷம்தான். அவர் கல்நெஞ்சர் இல்லை, காகிதம் இல்லாமல் கை அசையாது, அவ்வளவுதான்.

அவருக்கு வேண்டியது உங்கள் கையெழுத்தில் ஒரே வரி: "ஒப்படைக்கும் முன்னர் பெண்கள் பகுதியை யாரும் பயன்படுத்தவில்லை." அது வந்தால் முழு இழப்பீடும் இந்த மாதமே வந்துவிடும். ஜூனுக்குள் கட்டிவிடலாம். வீடு தப்பிக்கும்.

நீங்கள் எல்லாரும் அங்கே தொழுதீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். வேறு யாரும் கேட்கப் போவதில்லை. அத்தனை மழையில், குழந்தை குட்டிகளோடு எத்தனை பெண்கள் வந்திருப்பார்கள் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. வராமலும் இருந்திருக்கலாம். எழுதி அனுப்புங்கள், உடனே.

தம்பி
அஸ்மான்

*

ஆலோர் பாசிர்
22 ஏப்ரல் 1998

தம்பி,

கடிதம் கிடைத்தது. அனுப்புகிறேன். சிமெண்டுக் கடைக்காரனிடம் பணம் வருகிறது என்று சொல்லியும் விட்டேன், உள்ளறையிலிருந்து வெளியே வந்து தேநீர் கொடுத்தான். இன்றைக்குத்தான் சோறு தொண்டையில் இறங்கியது. உன்னை எவ்வளவோ திட்டிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

அக்கா

*

கோலாலம்பூர்
15 மே 1998

அக்கா,

அனுப்புகிறேன் என்று எழுதினீர்கள். எங்கே? ஷாஹ்ரின் தினமும் என் முகத்தைப் பார்க்கிறார். நானும் தினமும் தபால் தட்டைப் பார்க்கிறேன். ஒரே ஒரு வரி! உங்களைவிடப் பெரிய சோம்பேறிகளெல்லாம் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். மாதம் முடிந்ததும் கோப்பை மூடிவிடுவார்கள். மூடினால் மறுபடி திறக்க என்னால் முடியாது, யாராலும் முடியாது. உடம்பு சரியில்லையா? பேனா இல்லையா? என்னதான் நடக்கிறது அங்கே?

அஸ்மான்

*

ஆலோர் பாசிர்
24 மே 1998

தம்பி அஸ்மானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. பேனாவும் இருக்கிறது.

அந்த வரியை எழுதும் முன்னால் சந்தைக்குப் போனேன். நாளைக்கு உங்கள் ஆள் யாராவது வந்து விசாரித்தால் எல்லாரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டுமே. ஆண்கள் செய்த கூத்து மறுபடி நடக்கக் கூடாது. மெக் நாப் பூடுப் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள், சே லிமா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், இன்னும் நாலைந்து பேர். சொன்னேன். தயங்குவார்கள், பாவம் என்பார்கள், கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் போனேன்.

மெக் நாப் தலையைக்கூடத் தூக்கவில்லை. "எழுதிக்கோடி. நாங்க யாரும் போகலை. அவ்வளவுதானே?"

"நெஜமாவா சொல்றே?"

"பின்னே? அந்தக் கண்ணாடிக்காரன் தின்ன சோறு யாரு ஆக்கினது? நாங்கதானே. சுத்திச் சுத்திப் பரிமாறினோம். எங்ககிட்ட அவன் கேட்டது ஒண்ணே ஒண்ணு, தண்ணி. அந்தத் தொரைக்கு நாங்க இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

எல்லாரும் சிரித்தார்கள். சே லிமா மட்டும் சிரிக்கவில்லை. "உன் வீடு போகக் கூடாதுக்கா. எங்க தொழுகை அல்லாவுக்குத் தெரியும், அது போதும். எழுதிடு" என்றாள். மீன் வெட்டிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு என் கன்னத்தை வேறு தொட்டாள்.

வேலை இத்தனை சுலபமாக முடிந்துவிட்டதே என்று வீட்டுக்கு வந்தேன். வந்து எழுதினேன். ஆமாம், எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். "பெண்கள் பகுதியை யாரும் பயன்படுத்தவில்லை." காய்வதற்காக மேசையில் வைத்துவிட்டுக் குளித்துவிட்டு வந்து ஒரு தடவை படித்தேன். எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று உனக்குச் சந்தேகம், இல்லையா? இடம் போதாமல் முட்டிக்கொண்டு உட்கார்ந்தோம் அஸ்மான். சிமெண்டுத் தூசியை முதல் நாள் அவர்கள்தான் கூட்டித் தள்ளினார்கள், ஆண்கள் பகுதியையும் சேர்த்து. திரை என்னுடைய படுக்கை விரிப்பு, என் கையால் கட்டினது. சே லிமா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே தொழுவாள். அது கத்தினால் அந்தப் பக்கத்திலிருந்து யாராவது தொண்டையைச் செருமுவார்கள். அப்போதெல்லாம் நாங்கள் இருப்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்துதான் இருந்தது.

உன்னிடம் இதுவரை சொல்லாதது ஒன்று இருக்கிறது. சுவர் விழுந்த அன்றைக்கு, லுஹர் தொழுகை முடிந்து நாங்கள் பத்துப் பதினைந்து பேர் அங்கேதான் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தோம். நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்ச வேண்டும் என்று மெக் நாப் எழுப்பிவிட்டதால்தான் கலைந்தோம். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கிறேன், ஊரே அதிர்ந்த மாதிரி சத்தம். நாங்கள் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தால் உன் ஷாஹ்ரினுக்கு ஒரு வரியும் தேவைப்பட்டிருக்காது. எங்களை வெளியே இழுத்துப் போட்டு எண்ணிப் பார்த்தே, பயன்பாட்டில் இருந்தது என்று எழுதியிருப்பார்.

உயிரோடு எழுந்து போனதால் அங்கே இல்லாதவர்கள் ஆகிவிட்டோமா? இதை நினைத்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, யார் மேல் என்றே தெரியவில்லை. ஹாஜி டெராமான் மேலா, கண்ணாடிக்காரன் மேலா, உன் மேலா, சிரித்துக்கொண்டே சரி என்று சொன்ன மெக் நாப் மேலா. இல்லை, என் மேலேயேவா? நான் அல்லவா சந்தைக்குப் போய் அவர்களிடம் அதைக் கேட்டேன்.

இந்த ஒரு மாதமும் அந்தக் காகிதம் அரிசிப் பானைக்கு மேலே இருந்தது. அனுப்பிவிடலாம் என்று இரண்டு தடவை சைக்கிளை எடுத்தேன். அஞ்சலகத்து வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன். நேற்று அதை அடுப்பில் போட்டுவிட்டு வேறொன்று எழுதி, ஷாஹ்ரினுக்கு நேராகப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பெண்கள் பகுதியில் நாங்கள் தொழுதோம் என்று எழுதி, எல்லார் பேரையும் எழுதினேன். என் பேர் முதலில். உன் கைக்கு இந்தக் கடிதம் வரும்போது அது அவர் மேசையில் இருக்கும். உன்னை ஒன்றிலும் இழுக்கவில்லை, பயப்படாதே.

வீடு போகும். வங்கிக்காரன் வந்து அளந்துவிட்டுப் போய்விட்டான். உன் இரண்டு பங்கும் என் கையெழுத்தால்தான் போகிறது. ரொஸீதா எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும், நான் வாய் திறக்கமாட்டேன். நீயும் திட்டு. எனக்கே மனசு ஆறவில்லை, ராத்திரி எழுந்து சுவரைத் தடவித் தடவிப் பார்க்கிறேன். புண்ணியம் கட்டிக்கொண்டோம் என்ற நிம்மதியெல்லாம் இல்லை தம்பி.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லிவிடுகிறேன். சுவர் விழுந்ததிலிருந்து இன்று வரை சர்வேயர் எங்களிடம் கேட்கவில்லை, ஷாஹ்ரின் கேட்கவில்லை, இமாம் கேட்கவில்லை. எங்களைக் கேட்ட முதல் ஆள் நீதான். நாங்கள் அங்கே இல்லை என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டாய்.

அக்கா